சாய்ந்த கூரையின் கீழ் ஒரு ஸ்நான அறை

கூரை மழைக்காக ஏற்பட்டது. மனிதன் நிமிர்ந்து நிற்பதற்காக ஏற்பட்டதன்று. மலைநாட்டில் வீடு கட்டிய பெரியவர்கள் இதை நன்கு உணர்ந்தவர்கள். தென்மேற்குப் பருவக்காற்று விட்டு வைத்ததை வடகிழக்குப் பருவக்காற்று வந்து நனைத்துவிட்டுப் போகும் குன்னூரிலே, வானத்திலிருந்து விழுந்த நீர் ஒரு கணமும் தலைக்கு மேல் தங்கலாகாது என்பதுதான் அவர்களுடைய கவலை. ஆகவே கூரையைச் சாய்த்தார்கள். சாய்த்த கூரைமேல் மங்களூர் ஓட்டைப் பரப்பினார்கள். 1865-ஆம் ஆண்டில் பாஸல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்னும் ஜெர்மானியர் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையில் பிறந்த வகை அது. ஒன்றின் விளிம்பை ஒன்று கவ்விக்கொண்டு படுக்கும் அவ்வோடுகள் மேற்குக் கரை நெடுகப் பரவி, மலைமீதும் ஏறி, இன்றளவும் பல வீடுகளின் தலையில் சிவப்பாக அமர்ந்திருக்கின்றன.

அந்தக் கூரைக்கும் அதன் கீழுள்ள மரத்தளத்துக்கும் நடுவே முக்கோண வடிவில் ஓர் இடம் மிஞ்சும். அதனைப் பரண் என்று சொல்லிப் பழைய பெட்டிகளுக்கும், கால் ஒடிந்த நாற்காலிகளுக்கும், வருஷத்துக்கு ஒருமுறை இறங்கிவரும் கொலுப் பொம்மைகளுக்கும் விட்டு வைத்திருந்தோம். இப்போது காலம் மாறிவிட்டது. மனை விலை ஏறிவிட்டது. பக்கத்தில் ஓர் அறை சேர்த்துக் கட்டலாமென்றால் மலைச்சரிவு இடம் கொடுப்பதில்லை. எனவே மனிதர் கண்ணெடுத்துப் பார்ப்பது பரணைத்தான். பொம்மைகளைக் கீழே இறக்கிவிட்டுத் தாங்கள் மேலே ஏறிவிடுகிறார்கள்.

படுக்கும் அறையாகவோ படிக்கும் அறையாகவோ பரணை மாற்றுவதில் பிரமாதம் ஒன்றும் இல்லை. கூரை தாழ்ந்த பக்கமாகக் கட்டிலைத் தள்ளிப் போட்டால் ஆயிற்று. படுத்திருப்பவனுக்கு உயரம் எதற்கு? ஆனால் ஸ்நான அறை என்றால் விஷயமே வேறு. அங்கே மனிதன் நிற்க வேண்டும். கையைத் தூக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு திரும்ப வேண்டும். தண்ணீர் மேலே ஏற வேண்டும். ஏறியது ஒரு சொட்டும் தங்காமல் இறங்கவும் வேண்டும். ஆவி கிளம்பும், பாரம் கூடும். இவ்வளவும் சாய்ந்த கூரையின் கீழே நடக்க வேண்டும்.

நமக்கு இந்தச் சங்கடம் நம் தமக்கையாரின் பொருட்டு நேர்ந்தது. அவருக்கு வயது 58. அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக முப்பது வருஷ காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமான பின், தனியே இருக்க வேண்டாமென்று நாம் வற்புறுத்தியதன் பேரில் நம்முடன் வந்து சேர்ந்தார். மச்சு அறையை அவருக்கென்று ஒழித்துக் கொடுத்தோம். அறை அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் வீட்டில் குளிக்கும் இடமோ ஒன்றுதான். அதுவும் பின்கட்டைத் தாண்டி, திறந்த முற்றத்தின் கோடியில். காலையில் பள்ளிக்கூடம் போகும் நமக்கும், நம் மனைவிக்கும், குழந்தைகள் இருவருக்கும் இடையூறாக இருக்கக் கூடாதென்று அவர் விடியற்காலம் நாலரை மணிக்கே எழுந்து, பனி மூட்டத்தில் முற்றத்தைக் கடந்து சென்று குளித்துவிட்டு வந்துவிடுவார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் மாதத்துக்கு இரண்டு முறையாவது, "மேட்டுப்பாளையம் பஸ் எத்தனை மணிக்குத் தம்பி?" என்று கேட்பது மட்டும் அவர் வழக்கமாகிவிட்டது. ஊரில் பூட்டிக் கிடக்கும் அவருடைய வீட்டுச் சாவி புடவைத் தலைப்பின் முடிச்சிலேயே இருந்தது. விருந்தாளி என்கிற எண்ணம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தால், வாயால் சொல்லும் உபசாரத்தைவிட இப்படிப்பட்ட காரியங்களிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. ஆகையால் மச்சிலேயே, அவர் அறையை ஒட்டினாற்போல், ஒரு ஸ்நான அறை கட்டிவிடுவதென்று நாமும் மனைவியும் தீர்மானித்தோம்.

கட்டடக் குத்தகைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். அண்ணாந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "கூரையை வெட்டித் தூக்காமல் இங்கே ஷவர் வராது, வாத்தியார் ஸார்!" என்றார். சாய்ந்த கூரையின் நடுவே ஒரு துண்டை அறுத்தெடுத்து, அங்கே சன்னல் வைத்த ஒரு சிறு கூண்டை நிமிர்த்தி நிறுத்துவது அவர் யோசனை. யோசனை தவறன்று. மேல்நாட்டில் வெகு காலமாக நடந்து வருவதுதான். பிரான்சு தேசத்துச் சிற்பி பிரான்ஸ்வா மான்ஸார் (1598–1666) என்பவரின் பெயரால் வழங்கும் கூரைவகையும் இந்த நோக்கத்துக்கே உதவுகிறது: ஒரே சாய்வாக விடாமல் நடுவில் முறித்து, கீழ்ப்பாதியைச் செங்குத்துக்குச் சமீபமாக நிறுத்தினால் உள்ளே ஒரு முழு மாடியே கிடைத்துவிடும். ஆனால் முறித்த இடமெல்லாம் மழை புகுவதற்கு ஒரு வழி. குன்னூர் மழை அப்படிப்பட்ட வழியைத் தேடிக் கண்டுபிடிப்பதில் மகா சமர்த்து. செலவோ நம் நான்கு மாதச் சம்பளத்துக்கு மேலே போயிற்று. தமக்கையார் மாடிப்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார் போலும். அன்றிரவு சாப்பாட்டின்போது, "எனக்காகக் கூரையைப் பிரிப்பார்களா? கீழேயே குளித்துக்கொள்கிறேன், பேசாமல் விட்டுவிடு" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே பஸ்ஸைப் பற்றி விசாரித்தார்.

குத்தகைக்காரரை அனுப்பிவிட்டு, நாமே அளவு நாடாவை எடுத்தோம். இருபது வருஷ காலமாகப் பிள்ளைகளுக்குத் திரிகோண கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறோம். 'இது எதற்கு ஸார் பிரயோஜனம்?' என்று வருஷா வருஷம் ஒரு பையனாவது கேட்கிறான். அவனை அன்று பரணுக்கு அழைத்துச் சென்றிருக்க வேண்டும்.

நம் மச்சில் கூரை தாழ்ந்து முடிகிற பக்கச் சுவரின் உயரம் 1.2 மீட்டர். அங்கிருந்து முகடு வரை தரையில் அளந்தால் 3 மீட்டர். சாய்வு ஏறக்குறைய 30 பாகை. 30 பாகைச் சாய்வில் ஒரு மீட்டர் உள்ளே நடந்தால் கூரை 58 சென்டிமீட்டர் உயரும். ஆகவே முகட்டின் கீழே உயரம் 2.9 மீட்டருக்குச் சற்று மேல். நின்று குளிப்பதற்கு எவ்வளவு வேண்டும்? அமெரிக்க நாட்டு வீடு கட்டும் விதிகளில் இதற்குத் திட்டமான ஒரு கணக்கு உண்டு. ஷவரின் கீழே 76 சென்டிமீட்டர் சதுரமான இடம் முழுவதும் குறைந்தது 2.03 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது அது. சதுரத்தின் நடுவில் மட்டும் அவ்வுயரம் இருந்தால் போதாது; தாழ்ந்த ஓரத்திலும் இருக்க வேண்டும். நியாயமான விதிதான். குளிக்கிறவன் கம்பம் போல் ஓரிடத்தில் நிற்பதில்லையே!

வெறும் பரணில் அளந்தால், பக்கச் சுவரிலிருந்து 1.44 மீட்டர் தள்ளியே இந்த உயரம் கிடைத்துவிடுகிறது. ஆனால் வெறும் பரணில் யாரும் குளிப்பதில்லை. மேலே குளிர் தாக்காமலிருக்க ஒரு பலகை, அதைத் தாங்கும் சட்டம், அதன்மேல் சிமெண்டுப் பலகை என்று 8 சென்டிமீட்டர் போய்விடுகிறது. கீழே தளத்தை உறுதிப்படுத்தி, வாட்டம் கொடுத்து, ஓடு பதித்தால் 10 சென்டிமீட்டர் எழும்புகிறது. ஆக மொத்தம் 18 சென்டிமீட்டர் நஷ்டம். உயரத்தில் 18 குறைந்தால், 30 பாகைச் சாய்வில், தரையில் நாம் 31 சென்டிமீட்டர் முகட்டை நோக்கி நகர வேண்டும். அதாவது நிற்கும் இடம் 1.75 மீட்டருக்கு அப்பால்தான் ஆரம்பமாகிறது. சாய்ந்த கூரையின் கீழே வேலை செய்கிறவர்கள் பலரும் அவதிப்படுவது இந்தக் கணக்கினால்தான். வேலை தொடங்குமுன் நின்று பார்த்து, "தலை இடிக்கவில்லை" என்று திருப்தியடைந்து குழாய்க்குக் குறி போட்டுவிடுகிறார்கள். ஓடு பதித்த பின் அதே இடத்தில் அதே மனிதர் நின்றால் கூரை நெற்றியைத் தொடுகிறது.

நிற்பதற்கு 1.75 மீட்டரிலிருந்து முகடு வரை இடம் இருக்கிறது. சரி. ஆனால் எஞ்சிய தாழ்ந்த பகுதி? அறையில் பாதிக்கு மேல் அதுவேயாயிற்றே! அங்கே அலமாரி வைக்கலாம், வாளி வைக்கலாம் என்று நாமும் மனைவியும் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கையில், தமக்கையார் அந்தப் பக்கம் வந்து, காகிதத்தை வாங்கிப் பார்த்தார். வேண்டாம் என்று மறுபடியும் சொல்லப் போகிறாரென்றே நினைத்தோம்.

"ஏன் தம்பி, குளிக்கிறதென்றால் நிற்கத்தான் வேண்டுமா? அம்மா நின்று குளித்து நீ பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

நாம் பார்த்ததில்லைதான். மணைப் பலகையைப் போட்டு உட்கார்ந்து, அண்டாவிலிருந்து செம்பால் மொண்டு விட்டுக்கொள்வதுதான் நம் தேசத்தில் தொன்றுதொட்டு வந்த ஸ்நானம். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்ட ஸ்திரீகள் நின்றுகொண்டு சீயக்காய் தேய்த்ததாக நாம் கேள்விப்பட்டதே இல்லை. குழாயும் பூவாளியும் வந்த பின்னரே நாம் குளியலறையில் நிற்கத் தொடங்கினோம். நின்ற பிறகு, உயரம் போதவில்லையென்று கூரையோடு சண்டைக்குப் போகிறோம்! தமக்கையாருடைய உயரம் 1.52 மீட்டர். 40 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆசனத்தில் அவர் உட்கார்ந்தால் உச்சந்தலை தரையிலிருந்து 1.2 மீட்டர் இருக்கிறது. செம்பைத் தலைக்குமேல் கவிழ்க்க இன்னும் 30 சென்டிமீட்டர். ஆக, ஒன்றரை மீட்டர் போதும். அவ்வுயரம் பக்கச் சுவரிலிருந்து 85 சென்டிமீட்டர் தள்ளினாலே கிடைத்துவிடுகிறது. வீண் என்று நாம் ஒதுக்கியிருந்த இடமே அவருக்கு ஆசனம் போடத் தக்க இடமாயிற்று. முழங்கால் வலிக்குப் பயந்து மிகவும் தாழ்ந்த மணை வேண்டாமென்று அவரே சொன்னார்; ஆஸ்பத்திரியில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்த நோயாளிகள் எத்தனை பேருக்குக் கட்டுப் போட்டிருப்பார்! வயது முதிர்ந்தவர்கள் உட்கார்ந்தே குளிப்பது நல்லதென்பது அவருடைய திடமான அபிப்பிராயம்.

அதன் பிறகு வரைபடம் தானே உருவாயிற்று. மச்சின் கோடியில் உள்ள முக்கோணச் சுவர் ஒன்றுதான் செங்கல்லால் ஆனது, மற்றவையெல்லாம் பலகை. எனவே பாரமானவை, ஆணி அடித்து உறுதியாக நிற்க வேண்டியவை எல்லாவற்றையும் அந்தச் சுவருக்கே கொடுத்தோம். அதன் தாழ்ந்த பக்கம், கீல் வைத்து மடக்கக் கூடிய தேக்குப் பலகை ஆசனம். உயர்ந்த பக்கம், நின்று குளிக்கும் இடம். இரண்டுக்கும் நடுவே, செங்குத்தான ஒரு கம்பி. அதில் மேலும் கீழும் நகரும் கை ஷவர். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள வளைகுழாய். உட்காருகிறவர் இறக்கிக்கொள்ளலாம், நிற்கிறவர் ஏற்றிக்கொள்ளலாம். கூரையிலிருந்து மழைபோல் கொட்டும் பெரிய வட்ட ஷவரைத்தான் கடைக்காரர் சிபாரிசு செய்தார். சாய்ந்த கூரையில் அதை மாட்டினால் அதுவும் சாய்ந்தே நிற்கும். எதிர்ச் சுவரைத்தான் நன்றாகக் குளிப்பாட்டும். அதை நேராக்க ஒரு நீண்ட தண்டு இறக்கினால் அதுவே தலையில் இடிக்கும்.

குளிக்கிறவர் எத்திசை நோக்கி நிற்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். கூரைச் சரிவு முதுகுப் பக்கம் இருந்தால், முகத்தில் சோப்பு நுரையோடு ஓர் அடி பின்வாங்கியவுடனே தலையில் அடி. முன்பக்கம் இருந்தாலோ, காலைத் தேய்க்கக் குனிந்து நிமிரும்போது அடி. பக்கவாட்டில் இருப்பதே உத்தமம். முக்கோணச் சுவரில் குழாயை வைத்ததால் நமக்குச் சரிவு இடது தோளுக்கு அப்பால் போய்விட்டது.

மறைப்புக்கு என்ன செய்வது? கண்ணாடித் தடுப்பென்றால் கூரைச் சாய்வுக்கேற்ப மேல்விளிம்பை வெட்ட வேண்டும். பதப்படுத்தி உறுதியாக்கிய கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது. அட்டையில் மாதிரி எடுத்து, முன்னமே வெட்டி, அதன் பிறகே பதப்படுத்த வேண்டும். அரை விரற்கடை தவறினாலும் முழுக் கண்ணாடியும் வீண். திரைச்சீலையைச் சாய்வான கம்பியில் மாட்டலாமென்றால், வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிக்கொண்டு தாழ்ந்த மூலையில் போய்ச் சேர்ந்துவிடும். குளிக்கிறவர் ஒரு கையால் மானத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குளிக்க வேண்டியதுதான். நாம் இரண்டையும் விட்டு, இடுப்பளவில் ஒரு பலகைத் தடுப்புச் செய்து, அதன்மேல் ஓடு ஒட்டிவிட்டோம். அறைக்குக் கதவு இருக்கும்போது உள்ளே இன்னொரு கதவு எதற்கு?

இனித் தண்ணீர். மாடிக்குத் தண்ணீர் ஏறிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஏறினால் மட்டும் போதாது. தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஓட்டு வீட்டின்மேல் தொட்டி வைக்க முடியாது. ஆகையால் மலைநாட்டில் தொட்டி வீட்டுக்குப் பின்னே மேட்டுப் படுகையில் இருக்கும். நம் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் மச்சில் வைக்கப்போகும் ஷவருக்கும் உயர வித்தியாசம் ஒன்றரை மீட்டர்தான். 10 மீட்டர் உயரமுள்ள நீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். ஒன்றரை மீட்டருக்கு 0.15 பார். அதில் கீழ்க்கட்டுக் குழாய்கள் ஆனந்தமாக ஓடும்; மச்சு ஷவரோ அழுது வடியும்.

கடைக்காரர் ஒருவர், "500 லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு 1,000 லிட்டர் வையுங்கள், வேகம் இரட்டிப்பாகும்" என்றார். பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1662-இல் காலமானார். திரவங்களின் அழுத்தத்தைப் பற்றிய அவருடைய நூல் அதற்கு அடுத்த வருஷம் அச்சேறியது. அழுத்தம் நீரின் உயரத்தைப் பொறுத்ததேயன்றி அளவைப் பொறுத்ததன்று என்பதை அதிலே விளக்கியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் அறிந்த விஷயம். தொட்டி ஏரியளவு பெரிதானாலும் நீர்மட்டம் உயராத வரையில் ஷவருக்கு ஒரு லாபமும் இல்லை. கடைக்காரரிடம் இதைச் சொன்னோம். "நீங்கள் புஸ்தகத்திலே படித்தது அப்படி" என்றார்.

அழுத்தம் கூட்டும் பம்பு ஒன்றைப் பொருத்தியிருக்கலாம். ஆனால் நாலரை மணிக்கு எழுந்து பழகியவர் தாம் பம்பைப் போட்டால் வீடு முழுவதும் விழித்துக்கொள்ளுமே என்று தயங்குவார். தயங்கித் தயங்கிக் கடைசியில் முற்றத்துக்கே போய்விடுவார். மின்சாரம் நின்ற நாளில் அதுவும் நின்றுபோகும். ஆகவே தொட்டியையே அடுத்த படுகைக்கு, மூன்றரை மீட்டர் மேலே ஏற்றினோம். ஆட்கள் நால்வர், ஒரு நாள் வேலை. கீழ்த்தொட்டியிலிருந்து மோட்டார் மூலம் நீர் ஏற்றும் ஏற்பாடு முன்னமே இருந்தது. அந்தக் குழாயைச் சற்று நீட்டினால் போதுமாயிருந்தது. இப்போது வித்தியாசம் 5 மீட்டர், அழுத்தம் 0.5 பார். அருவி என்று சொல்ல முடியாது. ஆனால் கை ஷவருக்குத் தாராளம். இறங்கும் குழாயை அரை அங்குலத்துக்குப் பதில் ஓர் அங்குலமாகப் போட்டோம். நீண்ட தூரம் வரும் நீர் சிறு குழாயில் உராய்ந்து உராய்ந்தே வேகத்தை இழந்துவிடும். வழியில் குழாய் எங்கும் ஏறி இறங்காதபடியும் பார்த்துக்கொண்டோம். ஏறி இறங்கும் மேட்டிலே காற்றுத் தங்கி நீரை மறிக்கும்.

வெந்நீருக்கு 25 லிட்டர் கீஸர். இங்கும் ஒரு கணக்கு. 60 பாகைச் சூட்டிலுள்ள 25 லிட்டரை, மலைக் குளிரில் 15 பாகையிலிருக்கும் தண்ணீரோடு கலந்து உடம்புக்கு இதமான 40 பாகைக்குக் கொண்டு வந்தால் 45 லிட்டர் கிடைக்கும். நிமிஷத்துக்கு 6 லிட்டர் விடும் ஷவரில் அது ஏழரை நிமிஷம். எண்ணெய் தேய்த்த தலைக்கு இது சற்றுக் குறைவு என்று தமக்கையார் அபிப்பிராயப்பட்டார். அதற்காகவே ஆசனத்தின் அருகே ஒரு தாழ்ந்த குழாயும், ஒரு வாளியும், அம்மா காலத்துப் பித்தளைச் செம்பும் இடம்பெற்றன. தேய்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஷவர் வீணே ஓடுவதுபோல் செம்பு ஓடுவதில்லை.

வந்த நீர் போகும் வழியைப் பற்றி ஒரு வார்த்தை. கழிவு நீர்க் குழாய் கூரை தாழ்ந்த பக்கத்து வெளிச்சுவரை ஒட்டி இறங்குவதே சுலபம். எனவே தளத்தின் வாட்டமும் அந்தப் பக்கமாகவே, மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வீதம் கொடுக்கப்பட்டது. கூரை எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே தரையும் சாய்கிறது. உயர்ந்த இடத்தில் நிற்பவர் காலடியில் நீர் நிற்பதில்லை. துர்நாற்றம் ஏறாமல் தடுக்கும் நஹானி டிராப்பில் 5 சென்டிமீட்டர் நீர் எப்போதும் நிற்க வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பல வாரம் வெளியூர் போகிறவர்கள் திரும்பி வந்ததும் முதலில் அதில் ஒரு செம்பு நீர் விடுவது நலம்.

தளம் மரத்தளம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதைச் சின்னப் பிள்ளையும் அறியும். ஆனால் நீராடும் தொட்டியொன்று வாங்கி மச்சில் வைக்கும் பெரியவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். 200 லிட்டர் நீரும், தொட்டியும், அதில் இறங்கிய மனிதரும் சேர்ந்து நின்றால் நான்கைந்து பேர் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி ஒரே மூலையில் நிற்பதற்கு ஒப்பு. அத்தொட்டி நமக்கு வேண்டியிருக்கவில்லை. இருந்தும், பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டி, அவர் சொற்படி தளத்தின் கீழே இரண்டு இரும்பு உத்திரங்கள் கொடுத்தோம். கசிவைத் தடுக்கும் பூச்சுத் தரையில் மூன்று தடவையும், சுவரில் ஒரு முழ உயரத்துக்கும் பூசப்பட்டது. ஓடு பதிக்குமுன் வடிகால் வாயை அடைத்துவிட்டு, 24 மணி நேரம் தரையில் நீரைத் தேக்கி வைத்துச் சோதிக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம். பூச்சுக்கும் உத்திரத்துக்கும் ஒரே சமயத்தில் பரீட்சை. அவ்விடத்துக்கு நேர் கீழே இருப்பது நமது படிக்கும் அறை. அரையாண்டுப் பரீட்சை விடைத்தாள் கட்டுகள் மேஜைமேல் இருந்தன. கொத்தனார், "ஒரு சொட்டு விழாது ஸார், தாள்களை அப்படியே வையுங்கள்" என்றார். அவருடைய தன்னம்பிக்கையை மெச்சினோம். விடைத்தாள்களைச் சமையலறைக்கு மாற்றினோம். மறுநாள் மச்சுப் பலகையைத் தடவிப் பார்த்தபோது உலர்ந்தே இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது ஆவி. தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்து கெடுக்கும்; ஆவி தெரியாமல் கெடுக்கும். தை மாதத்து இரவில் நம் வீட்டு ஓட்டின் அடிப்புறத்தைத் தொட்டால் விரல் விறைக்கும். குளிக்கும் வெந்நீரின் ஆவி மேலெழுந்து, முகட்டை நாடிச் சென்று, அந்தக் குளிர்ச்சியைக் கண்டவுடன் பனித்துளியாகிவிடும். துளிகள் சாய்ந்த கூரை வழியே உருண்டு வந்து, குளித்து முடித்துத் துவட்டிக்கொண்டு நிற்பவரின் பிடரியில் குளிர்ந்த சொட்டாக விழும். அதுவாவது போகட்டும். பலகைக்கு மேலே புகுந்த ஆவி கைமரங்களை நனைத்து வைத்திருந்தால், சில வருஷங்களில் மரம் உளுத்துவிடும். வெளியிலிருந்து வரும் மழையைத் தடுக்கக் கூரை போட்டுவிட்டு, உள்ளிருந்து நாமே மழை பெய்வித்ததாகும்.

இதற்காகத்தான் முன்னே சொன்ன 8 சென்டிமீட்டரைக் கூரைக்குத் தானம் செய்தோம். வெப்பம் காக்கும் பலகை 5 சென்டிமீட்டர் கனத்தில், இடைவெளியின்றி, இணைப்புகளில் நாடா ஒட்டி அடிக்கப்பட்டது. ஆவி சேரும் இடம் முகடு. ஆகையால் முக்கோணச் சுவரின் உச்சியில், ஒரு சாண் வட்டத்தில் துளையிட்டுக் காற்றை வெளியேற்றும் விசிறி வைத்தோம். வசதியாக எட்டுகிறதென்று தாழ்வான இடத்தில் விசிறி வைக்கும் வீடுகள் உண்டு. அங்கே விசிறி ஓடும், ஆவி மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர, கதவின் அடியில் ஓர் விரல் சந்து. விசிறியின் வாய் வீட்டுக்கு வெளியே திறக்க வேண்டும். பரணின் மற்றொரு மூலைக்குள் திறக்கலாகாது. இதைச் சொல்லவும் வேண்டுமா என்று நினைத்தோம், மின்சார வேலைக்காரர் கேட்ட முதற் கேள்வியே, "பக்கத்துப் பரணுக்குள் விட்டுவிடலாமா?" என்பதுதான்.

மின்சாரம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சுவிட்சுகள் அறைக்கு வெளியே. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவி கட்டாயம். தரைக்குச் சொரசொரப்பான ஓடு.

வேலை முடிய ஏழு வாரம் ஆயிற்று. குத்தகைக்காரர் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகச் செலவு. இதில் இரும்பு உத்திரமும் தொட்டியை ஏற்றிய கூலியும் அடக்கம். கூரையில் ஓர் ஓடும் அசைக்கப்படவில்லை.

வேலை நடக்கும்போது தமக்கையார் முதல் இரண்டு வாரம் மச்சுப் பக்கமே வரவில்லை. மூன்றாவது வாரம் கொத்தனாருக்குத் தேநீர் கொண்டுவரும் சாக்கில் வந்தார். ஐந்தாவது வாரம் தேக்குப் பலகையின் விளிம்பு கூராக இருக்கிறதென்று சொல்லித் தச்சரை இரண்டு தடவை இழைக்க வைத்தார். ஓடு பதிப்பவர் சோப்பு மாடத்தை எல்லா வீடுகளிலும் வைப்பதுபோல் மார்பளவு உயரத்தில், உயர்ந்த பக்கத்துச் சுவரில் அடையாளமிட்டிருந்தார். நாம் பள்ளியிலிருந்து திரும்பியபோது அங்கே ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"உட்கார்ந்து குளிக்கிறவள் எழுந்து போயா சீயக்காய் எடுப்பாள்? இங்கே வை. இன்னும் கீழே. என் முழங்கையை அளவு வைத்துக்கொள்" என்று தமக்கையார் ஆசனத்தில் அமர்ந்தபடியே கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எல்லார் வீட்டிலும் மேலேதான் வைப்போம். நாளைக்கு வேறு யாராவது குளித்தால்?" என்றார் ஓட்டு வேலைக்காரர்.

"வேறு யார் குளிக்கப் போகிறார்கள்? இது என் ஸ்நான அறை!" என்றார் தமக்கையார்.

மாடம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் பதிக்கப்பட்டது.